வெறும் பையின் நிறை: அடிமட்டமும் ஒரு பெருக்கலும் போதும்

பொலித்தீன் பையைக் கடையில் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். நாம் அதை எண்ணிக்கைக் கணக்கில் செலவழிக்கிறோம். விசுவமடுவில் வறுத்த கச்சான், மிளகாய்த்தூள், அரிசிமா மூன்றையும் பொதி செய்து விற்கும் எனக்குத் தேவைப்படுவது ஆயிரம் பை. கிளிநொச்சிக் கடையில் நிறுத்துத் தருவது இரண்டு கிலோ. அந்த இரண்டு கிலோவுக்குள் எத்தனை பை என்று தெரியாமல் ஒரு பையின் செலவு தெரியாது. அது தெரியாமல் நூறு கிராம் கச்சானுக்கு வைக்கிற விலை வெறும் குத்துமதிப்புத்தான்.

எங்கள் பக்கத்தில் வீட்டோடு சிறுதொழில் செய்யும் பெண்கள் கச்சான் வாங்கிய விலை, விறகு, கூலி, பஸ் செலவு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுகிறார்கள். பைக்கு மட்டும் ஒரு மொத்தத் தொகையைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இலாபம் சில ரூபாய்களில் நிற்கும் தொழிலில் அந்த ஒரு வரியை அப்படி விடக்கூடாது. தராசு இல்லாமலே, பையைக் கண்ணால் காணாமலே, தொலைபேசியில் அளவைக் கேட்டே அதன் நிறையைச் சொல்லிவிடலாம். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பையின் அகலத்தையும் நீளத்தையும் சென்ரிமீற்றரில் அளந்துகொள்ளுங்கள். தடிப்பை மைக்ரோனில், அதாவது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கி 5,500 ஆல் வகுத்தால் ஒரு பையின் நிறை கிராமில் வந்துவிடும்.

நான் கச்சானுக்கு எடுக்கும் பை 12.5 சென்ரிமீற்றர் அகலம், 20 சென்ரிமீற்றர் நீளம், 40 மைக்ரோன் தடிப்பு. 12.5 × 20 × 40 = 10,000. அதை 5,500 ஆல் வகுத்தால் 1.82 கிராம். ஆகவே கிலோவுக்கு ஏறத்தாழ 550 பை. கிலோ 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பை 1 ரூபாய் 82 சதம். விலை ஏறினாலும் இறங்கினாலும் 1.82 மாறாது. அன்றைய கிலோ விலையை அதனால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அன்றைய பை விலை கிடைக்கும்.

5,500 எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. தெரிந்திருந்தால் வேறு வகைப் பைக்கு எண்ணை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். பைக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு பக்கம். அதனால் பரப்பளவை இரண்டால் பெருக்க வேண்டும். ஒரு சென்ரிமீற்றரில் 10,000 மைக்ரோன் இருப்பதால் தடிப்பை 10,000 ஆல் வகுக்க வேண்டும். இப்படி வருவது பையில் உள்ள பிளாஸ்டிக்கின் கனவளவு. அதை அடர்த்தியால் பெருக்கினால் நிறை. கச்சானுக்கும் மிக்சருக்கும் வருகிற, கண்ணாடி போலத் தெளிவான பிபி (பொலிப்புரோப்பிலீன்) பையின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.91 கிராம். மெதுவான, இழுத்தால் நீளும் எல்டிபிஇ பொலித்தீனுக்கு 0.92. சரசரவென்று சத்தம் போடும் எச்டிபிஇக்கு 0.95. முதல் இரண்டுக்கும் 5,500 என்று வைத்தால் தவறு ஒன்றரை வீதத்துக்கு மேல் போகாது. எச்டிபிஇக்கு மட்டும் 5,250 ஆல் வகுங்கள்.

கடைகளில் இன்னமும் அங்குலமும் கேஜும்தான் பேச்சு. "எட்டுக்குப் பன்னிரண்டு, இருநூறு கேஜ்" என்பார்கள். 100 கேஜ் என்பது 25.4 மைக்ரோன். மனக்கணக்குக்கு, கேஜை நாலால் வகுத்தால் மைக்ரோன் என்று வைத்துக்கொள்ளலாம். அங்குலத்தையும் கேஜையும் மாற்றாமல் நேரடியாகவே போட விரும்பினால் மூன்றையும் பெருக்கி 3,300 ஆல் வகுங்கள். 8 × 12 × 200 = 19,200; வகுத்தால் 5.8 கிராம். கிலோவுக்கு 172 பை அளவில் வரும்.

ஆனால் கேஜ் என்று சொன்னவுடன் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். "தம்பி, இந்த இருநூறு ஒரு பக்கத்துக்கா, இரண்டு பக்கமும் சேர்த்தா?" ஒருவர் ஒரு பக்கத்தின் தடிப்பைச் சொல்வார், இன்னொருவர் பையை மடித்தபடியே அளந்த தடிப்பைச் சொல்வார். இரண்டுக்கும் இடையில் நிறை சரி பாதியாகிவிடும். விலை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அளக்கும்போது

அகலத்தையும் நீளத்தையும் ஓரத்திலிருந்து ஓரம் வரை அளக்க வேண்டும். கீழே ஒட்டிய தையலுக்கு வெளியே நிற்கும் சிறு விளிம்பும் பிளாஸ்டிக்தானே, அதுவும் நிறையில் சேரும். பொருள் கொள்ளும் இடம் என்பது வேறு கணக்கு. நிறைக்கு வெளி அளவையும் கொள்ளளவுக்கு உள் அளவையும் எடுங்கள்.

பக்கமடிப்பு உள்ள பையை அப்படியே மேசையில் வைத்து அளந்தால் நிறை குறைவாக வரும். மடிப்பின் ஆழத்தை இரு பக்கமும் அளந்து அகலத்தோடு கூட்டுங்கள். ஷொப்பிங் பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்பு 25 சென்ரிமீற்றர், பக்கமடிப்பு ஒவ்வொன்றும் 7 சென்ரிமீற்றர் ஆழம், கைபிடியோடு நீளம் 45, தடிப்பு 25 மைக்ரோன். அகலம் 25 + 7 + 7 = 39. 39 × 45 × 25 ஐ 5,500 ஆல் வகுத்தால் 8 கிராம். கைபிடிக்கு இடையில் வெட்டி எடுத்த துண்டு 11 அகலம், 12 உயரம் என்றால் அதே கணக்கில் 0.6 கிராம். கழித்தால் மிச்சம் 7.4.

மிளகாய்த்தூளுக்கு வரும் லமினேட் பையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படைகள் ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு 5,500 உதவாது. ஒவ்வொரு படையின் மைக்ரோனையும் அதன் அடர்த்தியால் பெருக்கினால், ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்பது நேரடியாகவே வரும். வெளியில் பெட் (தண்ணீர்ப் போத்தல் செய்யும் பிளாஸ்டிக்) 12 மைக்ரோன், அடர்த்தி 1.38: 16.6 கிராம். உள்ளே பொலித்தீன் 50 மைக்ரோன்: 46 கிராம். பசைக்கும் மைக்கும் சேர்த்து இரண்டு மூன்று கிராம் போட்டு 65 என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி அடிமடிப்போடு நிற்கும் பை ஒன்றின் பரப்பு. அகலம் 13, முன்பக்கம் 20, பின்பக்கம் 20, அடியில் மடிந்திருக்கும் துண்டு 7. 13 × 47 = 611 சதுர சென்ரிமீற்றர். 611 ஐ 65 ஆல் பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுத்தால் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஜிப் இருந்தால் அதன் நிறையைக் கணக்கில் பிடிப்பது கடினம், ஒரு பையைக் கேட்டு வாங்கி நிறுத்துவிடுங்கள். உள்ளே வெள்ளிபோல மினுங்கும் படலம் பெரும்பாலும் ஆவியாகப் படிய வைத்த அலுமினியம். நிறையில் அது தெரியவே தெரியாது. உண்மையான அலுமினியத் தாள் என்றால் 7 மைக்ரோனுக்கே சதுர மீற்றருக்கு 19 கிராம் கூடிவிடும்.

வாங்கிய பிறகு நிறுத்துப் பாருங்கள்

கணக்குப் போடுவதில் எனக்கு மிகவும் பிடித்தது அதைத் திருப்பிப் போடுவதுதான். மைக்ரோன் அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. தராசு இருக்கிறது. கிராமை 5,500 ஆல் பெருக்கி, அகலத்தையும் நீளத்தையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் தடிப்பு வந்துவிடும். என் கச்சான் பையில் நூறு எண்ணி வைத்தால் 182 கிராம் காட்ட வேண்டும். 150 காட்டினால் ஒரு பை 1.5 கிராம், 1.5 × 5,500 ÷ 250 = 33. நாற்பது என்று சொல்லி முப்பத்துமூன்று தந்திருக்கிறார்கள் என்று பொருள். கிலோக் கணக்கில் வாங்கினால் எண்ணிக்கை கூடுவதால் பணத்தில் நட்டமில்லை என்று தோன்றும். ஆனால் ஒட்டும்போது சீலர் சூட்டில் ஓட்டை விழுவதும், பஸ்ஸில் போகும்போது தையல் பிரிவதும் அந்தப் பைகள்தான். எண்ணிக்கைக் கணக்கில் வாங்கியிருந்தால் பணமும் போயிற்று.

ஊதிச் செய்யும் பொலித்தீனில் பத்து வீதம் வரை கூடுதல் குறைவு வருவது வழமை. அதற்காகக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கத் தேவையில்லை. அதற்கு மேல் போனால் கட்டாயம் கேளுங்கள்.

நிறுக்கும் முறையில் கவனம் வேண்டும். ஒரு கிராம் வரை மட்டுமே காட்டும் சமையலறைத் தராசில் ஒரு பையை வைத்தால் 1 என்றும் காட்டும், 2 என்றும் காட்டும். இரண்டையும் நம்ப முடியாது. ஐம்பதுக்குக் குறையாமல், முடிந்தால் நூறாக எண்ணி வையுங்கள். பைகளை ஒவ்வொன்றாகத் தராசில் அடுக்காதீர்கள். பல மின்தராசுகள் மெல்ல மெல்லக் கூடும் சிறு நிறையைப் பூச்சியம் என்றே எடுத்துக்கொள்ளும். எண்ணி முடித்து, நூல் போட்டுக் கட்டாமல் இறுக்கமாகச் சுருட்டி, ஒரே தடவையில் வையுங்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் விறாந்தையில் வைத்து நிறுக்கவே கூடாது. பைச் சுருள் காற்றை வாங்கினால் இலக்கம் ஒரு இடத்தில் நிற்காது. உள் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள். கிலோக் கட்டோடு வரும் வெளி உறையையும் சுருளின் நடுவில் இருக்கும் கடதாசிக் குழலையும் தனியே எடுத்து நிறுத்து, கடையில் நிறுத்ததில் அவையும் சேர்ந்திருந்தனவா என்று பாருங்கள்.

பொதி செய்யும் பெண்கள் மட்டுமல்ல, சில்லறைக் கடை வைத்திருப்பவர்களும் இந்தத் திருப்பல் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017 ஏப்ரலில் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து உயிர்களைப் பலிகொண்ட ஆண்டிலேயே, செப்டெம்பர் 1 முதல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனுக்கும், எச்டிபிஇ ஷொப்பிங் பைகளுக்கும், லஞ்ச் ஷீட்டுக்கும் தடை வந்தது. 30க்கு 40 சென்ரிமீற்றர் பை ஒன்று 20 மைக்ரோனில் 4.4 கிராம் வரும். அந்த அளவுப் பையில் நூறு நிறுத்து 440 கிராமுக்குக் கீழே காட்டினால் அதைக் கடைக்குள் எடுக்காதீர்கள். பைக்கட்டின் மேல் என்ன மைக்ரோன் அச்சிட்டிருந்தாலும் நிறை பொய் சொல்லாது.

நிறை சரியாக இருந்தும் பை உதவாமல் போகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. விலையைக் குறைப்பதற்காகச் சில பைகளில் சுண்ணாம்புக்கல் தூளைக் கலக்கிறார்கள். அதன் அடர்த்தி 2.7. நிறையில் ஐந்தில் ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்தால் பொலித்தீனின் அடர்த்தி 0.92 இலிருந்து 1.06 ஆகிவிடும். 50 மைக்ரோனுக்குரிய நிறையைத் தராசு காட்டும். உண்மையில் இருப்பது 43 தான். அதைப் பிடிப்பதற்கு ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். பையில் தபால்முத்திரை அளவு துண்டு வெட்டி, சவர்க்காரம் ஒரு துளி விட்ட தண்ணீரில் விரலால் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழைத் தடவி எடுத்துவிட்டு விடுங்கள். எல்டிபிஇ, எச்டிபிஇ, பிபி மூன்றும் மேலே மிதந்து வரும். எல்டிபிஇ பொலித்தீன் என்று சொல்லித் தந்த பை அடியில் போய்ப் படுத்தால் அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காவது கலப்பு இருக்கிறது, அல்லது அது பொலித்தீனே இல்லை. பெட்டும் பிவிசியும் தூய நிலையிலேயே மூழ்கும். கையில் பால்போல வெளிறி, மடித்தால் வெள்ளைக் கோடு விழும் பைகளை நான் முதலில் தண்ணீரில்தான் போடுகிறேன்.

நிறை தெரிந்தால் குறைக்கவும் வழி தெரியும். 100 கிராம் கச்சானுக்கு மேலே எவ்வளவு வெறும் இடம் விட்டு ஒட்டுகிறீர்கள் என்று பாருங்கள். 20 சென்ரிமீற்றர் நீளத்தை 18 ஆக்கினால் பை 1.64 கிராம், கிலோவுக்கு 550 இருந்த இடத்தில் 611. தடிப்பைக் குறைத்து மிச்சம் பிடிப்பதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். கச்சானும் மிளகாய்த்தூளும் காற்றும் ஈரமும் பட்டால் கெட்டுவிடும் பொருள்கள். மணம் போன தூளை வாங்கியவர் இரண்டாம் முறை வரமாட்டார். நீளத்தைக் குறையுங்கள், தடிப்பை விட்டுவிடுங்கள். எங்கள் கிராமங்களில் குப்பை எடுக்க வண்டி வருவது அரிது. கச்சான் தின்ற பை சருகோடு சேர்ந்து வளவுக்குள்தான் எரிகிறது, அந்தப் புகையைப் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள். ஆயிரம் பையில் 180 கிராம் குறைந்தால் அவ்வளவு புகை குறைகிறது. எனக்கு அது பெரிய காரியம்.

பொதியின் மேல் எழுதும் தேறிய நிறையில் பை சேராது என்பதையும் மறக்காதீர்கள். தராசில் வெறும் பையை வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு நிரப்புங்கள். கனடாவுக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடும்போது, 23 கிலோப் பெட்டிக்குள் 200 சிறு பொதி போட்டால் பைகள் மட்டும் 364 கிராம் வரும். அதையும் சேர்த்துத்தான் விமான நிலையத் தராசு காட்டும்.

நெல் மூடை

காலபோக அறுவடை முடிந்து ஏ-35 வீதியோரம் நெல் காயும் நாட்களில் இதே கணக்கு இன்னும் பெரிய தொகைக்கு வருகிறது. லொறியோடு வரும் வியாபாரியிடம் சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள் என்று கேட்டால், "மூடைக்கு ஒரு கிலோ, அக்கா. எல்லா இடத்திலும் அப்படித்தான்" என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். பழைய சணல் சாக்கு ஒரு கிலோவை ஒட்டி நிறுத்தது. அதற்கு அந்தக் கழிவு நியாயம். இன்று நெல் வருவது பின்னிய பிபி சாக்கில், பெரும்பாலும் உரப்பையில்.

பின்னிய சாக்கின் நிறையைக் கணக்கிட, அதன் மேல் ஓரங்குலச் சதுரம் கீறி, நெடுக்காகவும் குறுக்காகவும் எத்தனை நாடா ஓடுகிறது என்று எண்ணுங்கள். இரண்டையும் கூட்டி, நாடாவின் டெனியரால் பெருக்கி, 228.6 ஆல் வகுத்தால் சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்று வரும். டெனியர் என்பது 9,000 மீற்றர் நாடாவின் கிராம் நிறை. புதுச் சாக்கு விற்கிறவர் சொல்வார். பத்துக்குப் பத்து, 900 டெனியர் என்றால் 20 × 900 ÷ 228.6 = 79 கிராம். 56 சென்ரிமீற்றர் அகலமும், மடித்துத் தைத்ததோடு 92 நீளமும் உள்ள சாக்கின் இரண்டு பக்கமும் சேர்ந்து 1.03 சதுர மீற்றர். நிறை 81 கிராம். உரப்பைக்குள் இருக்கும் பொலித்தீன் உறையையும் விட்டிருந்தால், 60க்கு 105 அளவில் 50 மைக்ரோன் என்று எடுத்து, இன்னொரு 57 கிராம். இரண்டும் சேர்ந்தாலும் 140 கிராமைத் தாண்டாது.

நாற்பது மூடைக்கு 40 கிலோ கழிப்பதாக வியாபாரி சொல்கிறார். சாக்கின் உண்மை நிறை, உறை இல்லாமல் 3 கிலோ 240 கிராம். மீதி 36 கிலோவுக்கு மேல் நெல். அது வரம்பில் நின்று தண்ணீர் கட்டியவரின் நெல்.

கடதாசியில் கணக்குக் காட்டினால் ஏற்கமாட்டார்கள். ஏற்றத் தொடங்கும் முன்பே அதே சாக்குகளில் பத்து வெறுஞ்சாக்கை மண் தட்டி, உலர்த்தி, ஒன்றாகக் கட்டி, அவர் கொண்டுவந்த தராசிலேயே தொங்கவிடச் சொல்லுங்கள். ஈரமான சாக்கில் இழைகளுக்கு இடையே தண்ணீர் நிற்கும், அதனால்தான் உலர்த்த வேண்டும். உள் உறை இல்லாத சாக்கென்றால் ஒரு கிலோவுக்குக் கீழே முள் நிற்கும். பத்தால் வகுப்பதை அங்கே நிற்கும் எல்லோரும் பார்ப்பார்கள். உடனே "ஈரப்பதனுக்கும் சேர்த்துத்தான் கழிக்கிறோம்" என்பார்கள். ஈரப்பதன் வேறு, சாக்கு வேறு. நெல் சந்தைப்படுத்தும் சபை ஏற்கும் ஈரப்பதன் 14 வீதம். அதற்கு மேல் இருந்தால் அதை அளந்து, தனியே எழுதிக் கழிக்கட்டும்.

பற்றுச்சீட்டில் மொத்த நிறை, சாக்கின் எண்ணிக்கை, ஒரு சாக்கின் நிறை, ஈரப்பதன் கழிவு என்று நான்கையும் நான்கு வரியில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் முதல் மூடை லொறியில் ஏறும் முன்பே அடுத்தவரிடம் விலை கேளுங்கள். ஏற்றி முடித்த பிறகு பேச்சுக்கு இடமில்லை.